வீடியோ கேமிலிருந்து உருவாகும் கார்ட்டூன் தொடரில் கதை ஏன் மாறுகிறது?

ஒரு வீடியோ கேமின் உலகத்தையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் பார்ப்பதற்கேற்ற கதையாக மாற்றி அமைப்பதையே தழுவல் தொடர் என்கிறோம். 1996இல் ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த போக்கிமான் விளையாட்டு, 1997 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடரானது இதற்கு நல்ல சான்று.

மாற்றத்துக்கான காரணம் எளிது. விளையாட்டில் முடிவெடுப்பவர் விளையாடுபவரே என்பதால், அதன் நாயகன் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தொடரிலோ பார்ப்பவர் கையில் பொத்தான்கள் இல்லாததால், அந்த வெற்றிடத்தை நிரப்பப் பேசுகிற, தவறு செய்கிற, அழுகிற ஒரு சிறுவன் தேவைப்படுகிறான். போக்கிமான் விளையாட்டில் மூன்று உயிரினங்களுள் ஒன்றை நாமே துணையாகத் தேர்ந்தெடுக்கிறோம். தொடரின் நாயகனான சிறுவன் ஆஷ் தாமதமாக எழுந்து, அம்மூன்றையும் தவறவிட்டு, சொல்பேச்சுக் கேளாத பிகாச்சு என்ற வேறோர் உயிரினத்தைப் பெறுகிறான். அந்தப் பிணக்கிலிருந்துதான் கதையே பிறக்கிறது. என் பார்வையில், தொடரின் மிகச் சிறந்த மாற்றம் இதுவே.

கண்ணாமூச்சியை நினைத்துப் பாருங்கள். ஆடும்போது தேடுவதே இன்பம். மறுநாள் அதை ஒருவருக்குச் சொல்லும்போது, பத்து இடங்களில் தேடிய கணக்கை விட, ஒளிந்திருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் அகப்பட்டதே சுவைக்கும்.

தொடர் என்பது விளையாட்டின் வெறும் நகல் என்று பலர் கருதுவது சரியன்று: 1998இல் வெளிவந்த, போக்கிமான் விளையாட்டின் மஞ்சள் பதிப்பில், தொடரைப் பின்பற்றிப் பிகாச்சுவே முதல் துணையாக நாயகனின் பின்னால் நடந்து வந்தது.