கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் செவிப்புலன் கருவியோடு வரலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. இரண்டு காதுகளிலும், காதின் பின்புறம் அணியும் செவிப்புலன் கருவி பாவிக்கிறார். பாடசாலை விடுமுறையில் ஹற்றனிலிருந்து குடும்பத்தோடு திருகோணமலைக்கு வருகிறோம். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி எல்லாம் போக எண்ணம். வெயிலும் உப்புக்காற்றும் கருவியைக் கெடுத்துவிடும், வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரியா?

பதில்: தயவுசெய்து கொண்டுவரச் சொல்லுங்கள். பழக்கமில்லாத ஊரில், பின்னால் வரும் முச்சக்கர வண்டியின் சத்தமும் பேரப்பிள்ளைகளின் குரலும் கேட்காமல் அவரை அலையவிடக் கூடாது. காதில் இருக்கும்வரை கருவி அவ்வளவு எளிதில் தொலைவதில்லை. கழற்றி எங்கோ வைத்த பிறகுதான் பெரும்பாலும் இழப்பு நேர்கிறது. ஆகவே புறப்படும் முன்பே அப்பாவோடு பேசி முடிவெடுங்கள்: கருவி ஒன்றில் காதில் இருக்க வேண்டும், இல்லையேல் அதற்குரிய கெட்டிப் பெட்டியில் இருக்க வேண்டும். சேர்ட் பையும் வேட்டி மடியும் அதற்கு இடமல்ல. விடுதி அறையில் ரிஷூவில் சுற்றி வைக்கவே வேண்டாம். துப்புரவு செய்ய வருபவர் அதைக் குப்பை என்றுதான் நினைப்பார்.

கோணேசர் கோயிலில் நான் அஞ்சுவது கடற்காற்றுக்கு அல்ல, பூசை நேரத்துக்கு. மணியும் மேளமும் சேர்ந்து முழங்கும்போது காது கூசும். உடனே கருவியைக் கழற்றி மடியில் செருகத் தோன்றும். கழற்றாமல் ஒலியளவைக் குறைத்துக்கொள்ள அப்பாவுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள். கருவி கீழே விழாமல் இருக்கக் கொளுவியுடன் கூடிய பாதுகாப்பு நாடா கிடைக்கிறது. வழமையாக அதைச் சேர்ட் கழுத்துப்பட்டியில் கொளுவுவார்கள். கோயிலுக்குள் மேலாடையைக் கழற்றுபவர் என்றால் முதலில் கொளுவியை எடுத்துச் சால்வையில் மாட்டிவிட்டு, பிறகு சேர்ட்டைக் கழற்ற வேண்டும். தலைவழியாகக் கழற்றும் ரீசேர்ட்டைத் தவிர்த்து, பொத்தான் வைத்த சேர்ட்டையே அன்றைக்குப் போடச் சொல்லுங்கள்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிப்பார்கள். கிணற்றடிக்குப் போகும் முன்பே கருவியைப் பெட்டியில் இட்டு, குளிக்காத ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். குளித்ததும் அவசரப்பட்டு மாட்ட வேண்டாம். தலையையும் காது மடலின் பின்புறத்தையும் நன்றாகத் துவட்டி, காதுக்குள் ஈரம் காய்ந்த பிறகு அணியலாம்.

நிலாவெளி மணலில் நடக்கும்போது தாராளமாக அணியட்டும். கடலில் இறங்கும்போது மட்டும் வேண்டாம். 'ஐ.பி. 68 தரம், தண்ணீர் புகாது' என்று கடையில் சொல்லியிருப்பார்கள். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. உப்புநீருக்கும் அலைக்கும் அது உத்தரவாதமல்ல. உப்பு, பற்றரி தொடும் உலோக முனைகளை அரித்துவிடும். புறாத்தீவுக்குப் படகில் போவதென்றால், படகோட்டி சொல்வதைக் கரையிலேயே கேட்டு முடித்து, கருவியைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்துவிட்டு ஏறுங்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடிய ஒருவர் அவர் பக்கத்தில் இருக்கட்டும். வெயில் கிறீமும் நுளம்பு மருந்தும் பூசிக் கைகழுவிய பிறகே கருவியைத் தொட வேண்டும். அந்தப் பசை ஒலிவாங்கித் துளையை அடைத்துவிடும்.

மலைநாட்டவர் எதிர்பார்க்காத தொல்லை, இங்குள்ள வியர்வை. குளிரூட்டிய வான் வண்டியிலிருந்து புழுக்கத்தில் இறங்கும்போதும், கருவியிலிருந்து காதுக்குப் போகும் குழாய்க்குள் நீர் முத்து முத்தாகப் படியும். ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் முதலில் அந்தக் குழாயைத்தான் பாருங்கள். காதச்சை (காதுக்குள் பொருந்தும் வார்ப்பை) குழாயோடு கழற்றி, அதற்கென்று விற்கும் சிறு ஊதுபந்தால் ஊதினால் நீர் வெளியேறிவிடும். ஒவ்வோர் இரவும் உலர்ந்த மென்துணியால் கருவியைத் துடைத்து, சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்தும் டப்பாவில் வையுங்கள். மாற்றும் பற்றரி என்றால் அதை வெளியே எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடி கருவியை மட்டும் வைக்க வேண்டும். அந்த ஜெல், பற்றரியையும் உலர்த்தி வலுவிழக்கச் செய்யும். சார்ஜ் செய்யும் வகை என்றால் சார்ஜரை மறக்காதீர்கள். நிறுத்திய வானுக்குள், கண்ணாடியோரத்தில் எந்தக் கருவியையும் விட்டுப்போகக் கூடாது.

பற்றரி வாங்கும்போது ஒட்டுத்தாளின் நிறத்தைப் பாருங்கள்: 13ஆம் இலக்கம் செம்மஞ்சள், 312 பழுப்பு, 675 நீலம். இவை காற்றுப் பட்டதும் வேலை செய்யும் துத்தநாகப் பற்றரிகள். ஒட்டுத்தாளை உரித்து ஓரிரு நிமிடம் விட்டுப் பொருத்துங்கள். உரித்ததை மீண்டும் ஒட்டிச் சேமிக்க முடியாது. மாற்றுப் பற்றரிகளைச் சில்லறைக் காசோடு போட வேண்டாம். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டவும் கூடாது. ஒரு குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். விடுதியில் நாய் இருந்தால் பெட்டியை உயரத்தில் வையுங்கள். காதின் வாசனை படிந்த கருவியை நாய் கடித்துக் குதறிவிடும்.

இவ்வளவுக்கும் மேல் கருவி அலையில் விழுந்துவிட்டால், உடனே நிறுத்தி, பற்றரியை எடுத்து எறிந்துவிடுங்கள். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். தலைமுடி உலர்த்தி, மைக்ரோவேவ், நேரடி வெயில் மூன்றும் கருவியைக் கொன்றுவிடும். அரிசிக்குள் புதைத்தால் தூள் துளைகளுக்குள் போகும். வேலை செய்வதுபோல் தெரிந்தாலும் அடுத்த நாளே பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள், அரிப்பு உள்ளே தொடரும்.

புறப்படும் முன் இரு கருவிகளின் தொடர் இலக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வலது காதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீல அடையாளம் இருக்கும். அதை உங்கள் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும். பெட்டியின் மேல் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.