பக்கத்து விமானத்தில் கழற்றிய வால்வு: காலையில் எழுதலாம் என்று விட்டது

கேள்வி: செந்தூலில் இருக்கிறேன். மலேசியாவின் சுபாங்கில், விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு ஹேங்கரில் டெக்னீஷியனாக இரண்டாவது வருடம். போன வாரம் நைட் ஷிப்டில் ஒரு வால்வு ஸ்டோரில் இல்லை. பக்கத்தில் நின்ற விமானத்திலிருந்து கழற்றிப் போடச் சொன்னார் சீனியர் அண்ணன். “பேப்பரெல்லாம் காலையில பார்த்துக்கலாம்” என்றார். பார்ட் நம்பரில் கடைசி எண் மட்டும் வேறு. பொருத்தினோம், விமானம் போய்விட்டது. இதுவரை யாரும் எதுவும் எழுதவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கம் அப்புறம். இப்போதே டியூட்டி மேனேஜரையோ தரப் பிரிவையோ கூப்பிட்டு, எந்த விமானம், எந்த வால்வு, எந்த இரவு என்று சொல்லுங்கள். அந்த விமானம் அடுத்து கிளம்பும் முன் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அண்ணனும் கூட வந்தால் நல்லது. வரவில்லை என்றால் தனியாகப் போங்கள். போன வாரத் தேதி போட்டு எழுதிச் சரிக்கட்டலாம் என்று யார் சொன்னாலும் பேனாவைத் தொடாதீர்கள். இன்றைய தேதியில், நடந்தது நடந்தபடி எழுதுங்கள்.

ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போடுவது குற்றமில்லை. ஹேங்கரில் ‘ராப்பரி’ என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் செய்கிற வேலைதான். அதற்கு வழிமுறை இருக்கிறது, அனுமதி இருக்கிறது. எனக்குப் பதறியது அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோதுதான். எண் மாறிய பாகம் பார்க்க ஒரே அச்சாக இருக்கும், அதே துளையில் உட்காரும், உள்ளே வேலை வேறாக இருக்கும்.

2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரியிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குக் கிளம்பிய ஏடிஆர் 72 விமானத்தில் நடந்தது இதுதான். முந்தின நாள் எரிபொருள் அளவு காட்டும் கருவியை மாற்றியிருந்தார்கள். போட்டது, அதே நிறுவனத்தின் சிறிய விமானமான ஏடிஆர் 42-க்கான கருவி. இடத்தில் அழகாகப் பொருந்தியது. டாங்கில் இல்லாத எரிபொருளை இருப்பதாகக் காட்டியது. நடுவானில் இரண்டு இஞ்சினும் நின்று, சிசிலிக்குப் பக்கத்தில் கடலில் இறங்கியது. இருந்த 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். பொருந்துகிறது என்பதால் மட்டும் அது சரியான பாகம் ஆகிவிடாது. ஐபிசி-யை, அதாவது விமானத்தின் பாகங்களைப் படத்தோடு பட்டியலிடும் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பார்ட் நம்பர் உங்கள் விமானத்தின் வரிசை எண்ணுக்குச் செல்லுமா என்று பார்க்க வேண்டும். கண்ணளவு போதாது.

அடுத்தது, எல்லாரும் மறந்துவிடுகிற இன்னொரு விமானம். பாகம் கொடுத்த விமானமும் இப்போது குறையோடு நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கவ்லிங்கை, அதாவது இஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். ஒரு பைப்பின் வாயில் துணி திணித்திருந்தது. மூடி இல்லை, டேக் இல்லை, டெக் லாக் என்கிற விமானப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. கழற்றிய ஷிப்ட் வீட்டுக்குப் போய்விட்டது. அந்தத் துணியை யாராவது இழுத்துப் போட்டுவிட்டு கவ்லிங்கை மூடியிருந்தால்? 1991-இல் டெக்சாஸில் ஒரு எம்ப்ரேயர் 120-இன் வால் இறக்கையில் 47 திருகுகளைக் கழற்றியதை அடுத்த ஷிப்டுக்கு ஒழுங்காக எழுதிக் கொடுக்கவில்லை. விமானம் பறந்து விழுந்தது, அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

சரி, முறை என்ன? ஸ்பேனரை எடுக்கும் முன், பராமரிப்பு வேலைகளைக் கவனிக்கும் மெயின்டனன்ஸ் கன்ட்ரோல் பிரிவின் அனுமதி. கொடுக்கும் விமானத்தில் அந்தப் பாகத்தின் மேல் தீராத புகார் எதுவும் இல்லையா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு டெக் லாக்கிலும் பார்ட் நம்பர், சீரியல் நம்பர். சீரியலை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், தகட்டைத் துடைத்துவிட்டுப் பார்த்து எழுதுங்கள். கிரீஸ் படிந்தால் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். பொருத்தியதும் மேனுவல் சொல்லும் சோதனை. அதன் பிறகுதான் லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்து.

சீனியரிடம் எப்படி மறுப்பது என்று தயங்குவீர்கள். நம் ஆட்களிடம் ‘முடியாது’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. “அண்ணே, நீங்க கன்ட்ரோலுக்கு ஒரு போன் போடுங்க, அதுக்குள்ள நான் ஐபிசி பக்கத்தை எடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள்.