ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய், இப்போது கல்யாணப் பேச்சு

கேள்வி: எனக்கு 26 வயது. மோல்மேனில் இருக்கிறோம். ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து ரங்கூன் குழந்தைகள் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தார்கள். இரண்டரை வருஷம் மருந்து. முதுகில் பலமுறை ஊசி போட்டதும், சிவப்பு மருந்து ஏற்றிய நாளில் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போனதும் நினைவிருக்கிறது. 'ஸேத்வின்' மட்டும்தான், 'டட்கின்' வைக்கவில்லை என்கிறார் அம்மா. பதின்மூன்று வயதில் பெரியவளானேன். மாதவிலக்கு 35, 40 நாளுக்கு ஒருமுறை வருகிறது. இப்போது பெகுவிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. எனக்குக் குழந்தை பிறக்குமா? பிறந்தால் அதற்கும் இந்த நோய் வருமா? முதுகு ஊசியால் கர்ப்பப்பை கெட்டிருக்கும் என்கிறார் அத்தை. மாப்பிள்ளை வீட்டில் எதுவும் சொல்லக்கூடாது என்கிறார் அம்மா.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான். ஸேத்வின் என்றால் மருந்து ஏற்றுவது, டட்கின் என்றால் கதிர் வைப்பது. பர்மாவில் வளர்ந்த நம் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். குழந்தைப் பேற்றைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. புற்றுநோய் வந்தது என்பதை மட்டும் வைத்து யாராலும் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர் வைத்தார்களா, வைத்தால் உடம்பின் எந்த இடத்தில் என்பதில்தான் பதில் இருக்கிறது.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் சூலகத்தில் இருக்கின்றன, சுமார் 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம் மிஞ்சும். புதிதாக எதுவும் உண்டாவதில்லை. சில புற்றுநோய் மருந்துகள் உறங்கிக்கொண்டிருக்கும் முட்டைகளையும் அழிக்கும். சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு, புரோகார்பசீன், புசல்பான் எல்லாம் அந்தக் கூட்டம். கதிர் சூலகத்தின் மீது நேராகப் பட்டால் இன்னும் கொடியது. 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) பட்டாலே பாதி முட்டைகள் போய்விடும். வயிறு, இடுப்பு, அல்லது எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்காக உடல் முழுவதும் கதிர் வைத்தவர்களுக்குத்தான் இந்தக் கவலை அதிகம். கர்ப்பப்பையே சிறுத்து, கரு தங்கினாலும் கலைவதும் குறைமாதத்தில் பிறப்பதும் அவர்களிடம் கூடுதல். தலைக்குக் கதிர் வைத்தவர்கள் கதை வேறு. அங்கே சூலகம் நன்றாக இருந்தாலும் மூளையிலிருந்து அதற்கு வரவேண்டிய சுரப்பு குறையலாம். அதை ஊசி மூலம் ஈடுகட்ட முடியும்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் குழந்தைகளுக்குப் பரவலாக வரும் லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோயாகத்தான் இருக்கும். அதற்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு, அஸ்பாரஜினேஸ், மெதோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின் ஆகியவை சூலகத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. சைக்ளோபாஸ்பமைடும் கொடுப்பார்கள், ஆனால் வழக்கமான முறையில் அது உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 1 முதல் 3 கிராம் அளவில் நின்றுவிடும். பெண்களிடம் கவலைப்படும் அளவு அதைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது. ஒன்பது வயதில் சூலகத்தில் கையிருப்பும் நிறைய. அதன் பிறகு மருந்து இல்லாமல், தானாகவே நீங்கள் வயதுக்கு வந்திருக்கிறீர்கள், இன்றும் மாதவிலக்கு வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது உங்களுக்கு இயற்கையாகவே குழந்தை உண்டாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்கிறேன். 35, 40 நாள் இடைவெளிக்கு நீர்க்கட்டி, தைராய்டு, எடை என்று பழைய நோயோடு சம்பந்தமில்லாத காரணங்களே அதிகம். பார்க்க வேண்டியதுதான், பயப்பட வேண்டியதில்லை.

இதே கேள்வியை ஓர் ஆண் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேசியிருப்பேன். தாடி, மீசை, குரல் எல்லாம் சரியாக வந்திருக்கும், தாம்பத்தியத்திலும் குறையிருக்காது. ஆனால் விந்தணு இல்லாமல் போயிருக்கலாம். ஆண்மைச் சுரப்பு தரும் செல்கள் மருந்தைத் தாங்கும், விந்தணு செல்கள் தாங்காது. சைக்ளோபாஸ்பமைடு கணக்கில் சதுர மீட்டருக்கு மொத்தம் 4 கிராமுக்குக் கீழே வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் சேதமிருக்காது. விந்துப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அத்தையிடம் சொல்லுங்கள்: முதுகு ஊசி, நோய் மூளையைச் சுற்றி ஒளிந்துவிடாமல் இருக்கப் போட்டது. கர்ப்பப்பைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நாளை சிசேரியன் தேவைப்பட்டால் முதுகில் மரப்பு ஊசி போடவும் அது தடையாக இருக்காது.

குழந்தைக்கு நோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் பிள்ளைகளைப் பல நாடுகளில் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறையோ புற்றுநோயோ மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வரவில்லை. குடும்பவழி வரும் சில வகைகள்தான் விதிவிலக்கு. இரண்டு கண்ணிலும் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் அப்படிப்பட்டது, அதில் பிள்ளைக்கு அந்த மரபணு போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இளம் வயதில் புற்றுநோய் வந்ததில்லை என்றால் இந்தக் கவலையை விட்டுவிடலாம். கர்ப்பமானால் பழைய நோய் திரும்பும் என்பதற்கும் ஆதாரமில்லை.

உங்களைப் பற்றி எனக்கு இருக்கும் உண்மையான கவலை சூலகம் அல்ல, இதயம். அந்தச் சிவப்பு மருந்து டானோரூபிசினாகவோ டாக்ஸோரூபிசினாகவோ இருக்கும். கூடுதல் அளவு போனவர்களுக்கு இதயத் தசை சத்தமில்லாமல் பலவீனமாகியிருக்கலாம், பத்து இருபது வருஷம் கழித்தும் தெரியாது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. அத்தனையையும் அந்த இதயம்தான் இறைக்க வேண்டும். சிவப்பு மருந்தின் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டியவர்களும் நெஞ்சில் கதிர் வைத்தவர்களும் அதிக ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்கள். உங்களுக்கு அவ்வளவு போயிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கல்யாணத்துக்கு முன்பே ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துவிடுங்கள். வலி இல்லாத பரிசோதனை. கரு தங்கிய பிறகு மூச்சு வாங்கும்போது 'கர்ப்பிணிக்கு இது சகஜம்' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம்.

அன்று உங்களுக்கு எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்களோ! அதனால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்க்க வேண்டும். சி இருந்தால் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகும், அதைக் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பி இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றலாம். புற்றுநோய் மருந்து சின்ன வயதுத் தடுப்பூசியின் பலனைக் கரைத்துவிடுவதும் உண்டு. ருபெல்லா என்ற அம்மைக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஊசி போட்டு ஒரு மாதமாவது கழித்துத்தான் கரு தரிக்க வேண்டும்.

சூலகத்துக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ரடயால் என்ற சுரப்புகளையும், கூடவே தைராய்டையும் ரத்தத்தில் பார்க்கலாம். ஸ்கேன் என்றதும் கல்யாணமாகாத பெண்கள் பயப்படுவார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றுக்கு மேலேயே பார்த்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை. ஏஎம்ஹெச் என்ற பரிசோதனையையும் சொல்வார்கள். அது முட்டைக் கையிருப்பைக் காட்டும், கரு தரிக்குமா என்பதைக் காட்டாது. எண் குறைவாக வந்ததைப் பார்த்து அழுதவர்களுக்கு நானே பிரசவம் பார்த்திருக்கிறேன். குறைவாக இருந்தால் அதன் பொருள், குழந்தையை ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான்.

ஒருவேளை சூலகம் முன்கூட்டியே ஓய்ந்துகொண்டிருந்தால்? அப்போதும் எலும்பையும் இதயத்தையும் காக்க ஐம்பது வயதுவரை சுரப்பு மாத்திரை இருக்கிறது. குழந்தைக்கு வேறொரு பெண்ணின் கருமுட்டை, தத்து என்று வழிகள் உண்டு. அது அன்றைக்குப் பேச வேண்டிய பேச்சு.

கடைசியாக, சொல்வதா மறைப்பதா என்பது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று நம்மவர்கள் சொல்வார்கள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. அந்த வார்டில் இரண்டரை வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனால் மருத்துவராக நான் பார்ப்பது இது: மறைத்துவிட்டுப் போன பெண், கர்ப்பமானதும் மாமியாரோடு மருத்துவமனைக்கு வருகிறாள். 'முன்பு ஏதாவது நோய் இருந்ததா' என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்கிறாள். எக்கோ எடுக்காமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன. பெண் பார்க்கும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம். பேச்சு உறுதியாவதற்கு முன், பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனிடம் மட்டும் நீங்களே சொல்லுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் இரண்டு பேருமாக வாருங்கள், நான் பேசுகிறேன்.

அதற்கு முன் பரணில், பெட்டியில், அம்மாவின் சேலைக்கு அடியில் எங்கே இருந்தாலும் அந்தப் பழைய மருந்துப் புத்தகத்தைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் வைத்தியம் பார்த்த மருத்துவமனையில் உங்கள் பெயரும் சேர்ந்த வருஷமும் சொல்லிக் கேளுங்கள். டட்கின் வைக்கவில்லை என்பதை அதில்தான் உறுதிசெய்ய வேண்டும். அடுத்த மாதவிலக்கு வந்த மறுநாள் காலை பஸ் ஏறினால் மாலைக்குள் ரங்கூன் வந்துவிடலாம், மூன்றாம் நாள் காலையில் ரத்தம் எடுத்துவிடுவோம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு நினைவிருக்கும் பல விஷயங்கள் புத்தகத்தில் இருக்காது.