கிருஷ்ணகிரி பக்கம் பழைய கல் குவாரிக் குட்டைகளில் குளிக்கலாமா? ஜெர்மனியில் சுரங்கக் குழிகளை ஏரியாக்கிப் படகு விடுகிறார்களே, இங்கே ஏன் முடியவில்லை?

குளிக்க வேண்டாம். முதல் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். இரண்டாவதுக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டு தண்ணீரிலும் நான் இறங்கியிருக்கிறேன்.

எனக்கு ஊர் பர்கூர் பக்கம். அப்பா கிரானைட் குவாரியில் ஜாக்ஹேமர் பிடித்தவர். நான் பிளஸ் ஒன் முடித்த கோடையில், வேலை நின்று நாலைந்து வருடமான ஒரு குவாரிக்கு நண்பர்களோடு போனேன். மேலிருந்து பார்த்தால் பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர். ஆறோ ஓடையோ சேற்றைக் கொண்டுவந்து சேர்க்காததால் குவாரித் தண்ணீர் அப்படித் தெளிந்து கிடக்கும். சித்திரை வெயிலில் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர எந்தப் பையனாலும் முடியாது.

எனக்கு நீச்சல் தெரியும். ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி எங்கள் கிணற்றில் அப்பா தள்ளிவிட்டதில் கற்றுக்கொண்டது. அந்தத் தைரியத்தில் பதினைந்தடி மேலேயிருந்து குதித்தேன். மேல் தண்ணீர் வெந்நீர்போல் இருந்தது. ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே போனதும் சட்டென்று குளிர்ந்து மூச்சு அடைத்தது. கலக்கிவிட ஓட்டம் இல்லாத ஆழமான தண்ணீர் இப்படித்தான், வெயில் படும் மேலடுக்கு ஒன்று, கீழே வேறொன்று. அதையும் சமாளித்து மேலே வந்துவிட்டேன். வந்து எதையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டினால், பிடிக்க ஒன்றும் இல்லை.

கிணற்றில் படி இருக்கும். படி இல்லாவிட்டால் சுவரில் துருத்திய கல்லோ, மோட்டார் பைப்போ, கயிறோ இருக்கும். ஆள் இறங்கி ஏற வேண்டும் என்பதை நினைத்துத்தான் கிணறு வெட்டுகிறார்கள். குவாரியில் கல் முழுசாக, பிளாக்காக வர வேண்டும், அதுதான் கணக்கு. வைர மணி கோத்த கம்பியை ஓட்டிப் பாறையை அறுக்கிறார்கள், ஊரில் வயர் சா என்போம். அறுத்த இடம் சோப்பை நூலால் வெட்டியதுபோல் வழவழவென்று நிற்கும். அதில் தண்ணீர்மட்டத்தில் பாசி வேறு. நகம் பெயரச் சுவரைச் சுரண்டிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் ஒருவன் பாறைத் தட்டில் இறங்கிப் படுத்துக்கொண்டு, இரண்டு லுங்கிகளை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு இழுத்தான். இழுத்ததில் லுங்கி கிழிந்ததற்கு இன்றுவரை காசு கேட்கிறான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "ரேம்பு எந்தப் பக்கம்னு பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டார். ரேம்பு என்றால் டிப்பர் இறங்கி ஏற விட்ட சரிவுப் பாதை. அந்தக் குழியில் நடந்து வெளியேறக்கூடிய ஒரே இடம் அது. எனக்கு நேர் எதிர்க்கரையில் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை.

அப்புறம் பல வருடம் கழித்து, ஓசூரில் வேலை செய்த கம்பெனி என்னை எட்டு மாதம் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் சென்ஃப்டன்பெர்க் ஏரி. பழுப்பு நிலக்கரி தோண்டிய நீம்ச் திறந்தவெளிச் சுரங்கம்தான் அது. 1967-லிருந்து 1972 வரை ஆற்று நீரைத் திருப்பிவிட்டு நிரப்பி, 1973-ல் குளிக்கத் திறந்தார்கள். சுமார் 1300 ஹெக்டேர், அதாவது மூவாயிரம் ஏக்கருக்கு மேல். பாய்மரப் படகு, சுற்றிலும் சைக்கிள் பாதை, கூடாரம் போடும் இடம், மணல் கரையில் குழந்தைகள். என்னோடு வந்தவர்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள், நான் ரேம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் ரொம்ப தூரம் நடந்தும் இடுப்பளவுதான். கரை முழுக்கவே ரேம்பு!

அது தானாக வந்த கரை இல்லை. நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணைத் தோண்டித் திரும்பக் கொட்டிய இடம் பொலபொலவென்றிருக்கும். தண்ணீர் ஏறினால் கூழாகிச் சரிந்துவிடும். அதனால் அந்த வட்டாரம் முழுக்க மண்ணை அதிரவைத்தும், உள்ளே வெடி வைத்தும் இறுக்குகிறார்கள். நிலக்கரி மண்ணில் இருக்கும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிவிடுவதால், சில ஏரிகளில் கப்பலில் சுண்ணாம்பு ஏற்றிப்போய்க் கரைக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகும் சறுக்கியிருக்கிறது. 2009 ஜூலையில் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில் இப்படி நிரம்பிக்கொண்டிருந்த ஏரியின் கரை வீடுகளோடு உள்ளே போய் 3 பேர் இறந்தார்கள். மறுபடி மக்களை உள்ளே விடப் பத்து வருடம் ஆனது. சென்ஃப்டன்பெர்க்கிலேயே நடுவிலுள்ள தீவில் யாரும் கால் வைக்கக் கூடாது. 2018-ல் அந்தத் தீவின் கரை சரிந்து ஏரியையே மூடினார்கள்.

சரி, நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். நம் கிரானைட்டில் அந்த அமிலத் தொல்லை பெரிதாக இல்லை, பாறையும் கூழாகாது. ஆனால் அங்கே புல்டோசர் விட்டுக் கரையைச் சாய்த்துக்கொள்ளலாம், இங்கே நிற்பது செங்குத்துப் பாறை. வெடி வைத்ததில் விரிசல் விட்டு, மேலே எந்தக் கல் எப்போது உருளும் என்று தெரியாது. குழியும் சில ஏக்கர்தான். சாய்வு வேண்டுமென்றால் ஒரு பக்கத்தையாவது கல் கொட்டி நிரப்ப வேண்டும். அதற்கான வேஸ்ட் கல் பாதிக் குவாரிகளில் விளிம்பிலேயே மலைபோல் குவிந்து கிடக்கிறது என்பதுதான் வேடிக்கை. கொட்டுகிற செலவு யாருடையது என்பதில் எல்லாம் நின்றுவிடுகிறது. அங்கே கிழக்கு ஜெர்மனியின் சுரங்கங்கள் அரசுடையவை, நாடு இணைந்த பிறகு அரசே பணம் போட்டுச் சீரமைக்கிறது. இங்கே குத்தகை முடிந்தால் கிரேனைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வேலி போட வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் குதித்த குழிக்கு இருந்த வேலி, ஆடு மேய்க்கிறவர் வெட்டிப் போட்ட முள் மட்டும்தான்.

இந்தியாவில் யாருமே செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். சத்தீஸ்கரில் சூரஜ்பூர் மாவட்டத்தில் கேனாபாரா என்ற இடத்தில் பழைய நிலக்கரிக் குழியில் படகு விடுகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல் குவாரித் தண்ணீரை 2017 வறட்சியில் சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் நமக்குப் படகைவிட இதுதான் முதலில் வேண்டும். கோடையில் டேங்கர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற கிராமங்களுக்குப் பக்கத்திலேயே இந்தக் குழிகள் நிறைந்து கிடக்கின்றன.

விடுமுறைக்கு வரும் அக்கா பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்றும் கேட்டிருந்தீர்கள். படகு என்றால் அவதானப்பட்டி ஏரி இருக்கிறது. தண்ணீரில் ஆட வேண்டுமென்றால் ஒகேனக்கல், காவிரியில் வெள்ளம் வந்து தடை போடாத நாளாகப் பார்த்து. நீச்சல் பழக்கப் படி வைத்த கிணறு போதும், நீங்கள் கூடவே இறங்குங்கள். மீறி யாராவது குவாரியில் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். வேட்டி, புடவை, மூடிய காலி கேன், எது கையில் இருக்கிறதோ அதை வீசிவிட்டு 112-க்குப் போன் செய்யுங்கள்.

மீன் பிடிப்பதைப் பற்றி: பல குட்டைகளில் யாரோ விட்ட ஜிலேபி மீன் பெருகிக் கிடக்கிறது. குத்தகை நிஜமாகவே முடிந்த இடமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அப்பா வேலையை விட்ட பிறகு தூண்டிலோடு போய் உட்காருவார், எப்போதும் ரேம்பு பக்கம்தான், காலைக்கூடத் தண்ணீரில் நனைக்க மாட்டார்.