வாழை வாடலுக்கு ‘ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம்’ என்று அறிக்கை வந்தால், அது டி.ஆர்.4 தானா?

ஜி9 (கேவண்டிஷ் வகை வாழை) தோட்டத்தில் மரங்கள் வாடியதால் மாதிரி அனுப்பியதாகவும், பூஞ்சையை அடையாளம் காண உதவும் ‘ஐ.டி.எஸ்.’ என்ற டி.என்.ஏ. பகுதியைப் படித்த ஆய்வகம் ‘ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம்’ என்று அறிக்கை தந்ததாகவும், அதைக் கொண்டு டி.ஆர்.4 (கேவண்டிஷையும் வாட்டும் இந்தப் பூஞ்சையின் கொடிய இனமான ‘வெப்பமண்டல இனம் 4’) என முடிவு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யக் கூடாது. பயிர் நோயியல் ஆய்வகத்தில் இத்தகைய அறிக்கைகளை அடிக்கடி பார்ப்பவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

நோயே இல்லாத வாழையின் வேரிலும், சாதாரணத் தோட்ட மண்ணிலும் இதே பூஞ்சை வாழ்கிறது. வளர்ப்புத் தட்டில் இந்தத் தீங்கற்ற வகை, வாழையை வாட்டும் வகை இரண்டுமே வெண்மையாகப் படர்ந்து அடியில் ஊதா நிறம் காட்டும். நுண்ணோக்கியில் அரிவாள் வடிவ வித்துகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஐ.டி.எஸ். பகுதியோ சிற்றின அளவிலேயே தடுமாறும். எந்தப் பயிரைத் தாக்கும் வகை, அதிலும் எந்த இனம் என்பதை அது சொல்லாது. ‘டெஃப்-1 ஆல்ஃபா’ மரபணு இதைவிட நன்றாகப் பிரித்துக் காட்டும் என்றாலும், டி.ஆர்.4 என்று உறுதிசெய்ய அதற்கென அமைந்த பி.சி.ஆர். (குறிப்பிட்ட டி.என்.ஏ. துணுக்கைப் பெருக்கிப் பார்க்கும்) சோதனை வேண்டும். 2010-இல் வெளியான, பரவலாகப் பயன்படும் சோதனையில் 463 கார இணை (டி.என்.ஏ. நீள அலகு) நீளமுள்ள பட்டை தெரிந்தால் டி.ஆர்.4 எனக் கொள்வார்கள். ஆனால் நோய் உண்டாக்காத சில ஃபியூசேரியங்களும் அதே பட்டையைக் காட்டியது பின்னர் தெரியவந்தது; ஆகவே, பூஞ்சை வாழையின் நீர்க்குழாய்க்குள் சுரக்கும் புரதங்களுக்கான ‘சிக்ஸ்’ மரபணுக்களையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமானது.

ஜி9 வாடினாலே டி.ஆர்.4 என்ற வாதமும் நிற்காது. பீகாரில் டி.ஆர்.4 உறுதியாகியிருப்பது உண்மைதான். ஆனால் ரஸ்தாளியை வாட்டும் முதல் இனத்திலேயே (ரேஸ் 1) கேவண்டிஷைத் தாக்கும் வீரியமான வகை இந்தியாவில் 2010-லேயே பதிவாகிவிட்டது.

மறுமாதிரி அனுப்பும்போது அழுகிய கிழங்கை வெட்டி அனுப்பாதீர்கள். அதில் வேறு பூஞ்சைகள்தான் முந்திக்கொண்டு வளரும். தண்டைக் குறுக்கே வெட்டி, உள்ளே செம்பழுப்பாக ஓடும் நாரை மட்டும் பிரித்து, சுத்தமான உறிஞ்சுதாளில் வைத்து நிழலில் உலர்த்திக் காகித உறையில் அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். முடிவு வரும்வரை அந்தத் தோட்டத்திலிருந்து பக்கக்கன்று எடுக்காதீர்கள். அங்கே ஓடிய மண்வெட்டியையும் டிராக்டர் சக்கரத்தையும் மண் போகக் கழுவாமல் அடுத்த வயலுக்குள் விடாதீர்கள்.