நோயெல், நத்தாலே, நவிதாத் மூன்றும் ஒரே சொல்லா?

கிறிஸ்துமஸுக்கு பிரெஞ்சில் நோயெல், இத்தாலியனில் நத்தாலே, ஸ்பானிஷில் நவிதாத் என்கிறார்களே, மூன்றுக்கும் வேர் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட. முதல் இரண்டும் லத்தீன் 'நத்தாலிஸ்', அதாவது பிறப்புக்குரிய நாள். இத்தாலியன் அதை அப்படியே வைத்துக்கொண்டது, பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம்போல நடுவில் இருந்த 'த'வை விழுங்கிவிட்டார்கள், பழைய பிரெஞ்சில் 'நாயெல்' ஆகி அப்புறம் நோயெல் ஆனது. நவிதாத் மட்டும் 'நத்திவித்தாஸ்' என்ற இன்னொரு சொல்லிலிருந்து வந்தது, ஒரே குடும்பம்தான், பெரியப்பா பிள்ளை மாதிரி.

இப்படிப் பண்டிகைச் சொற்கள் குடும்பப் பெயர் ஆனது எப்படி? பண்டிகை நாளில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரையே வைப்பார்கள், பின்னால் அது வம்சத்துக்கே ஒட்டிக்கொள்ளும். கால்பந்து வீரர் அந்தோனியோ டி நத்தாலே அப்படி. பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் பெயரில் இருப்பது ஈஸ்டர், ஆனால் ஈஸ்டரைக் குறிக்கும் 'பாஸ்கா' என்ற சொல் எபிரேயத்தில் கிளம்பி கிரேக்கம் வழியாக லத்தீனுக்கு வந்த விருந்தாளி. பாடகர் பிளாசிதோ தொமிங்கோவின் குடும்பப் பெயருக்கு ஸ்பானிஷில் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம், லத்தீனில் ஆண்டவருடைய நாள்.

இலங்கைத் தமிழில் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்கிறோமே, அதுவும் போர்த்துக்கீசிய 'நத்தால்'தான்!