பட்டினி கிடந்தால் பை அடங்காது

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு வயது 54. செம்பனைக் குலை வெட்டுபவர். மலக்குடல் புற்றுநோய்க்காக நான்கு மாதங்களுக்கு முன் அறுவை செய்து, ஆசனவாயை மூடி, வயிற்றின் இடப்பக்கம் நிரந்தரமாகப் பை வைத்துவிட்டார்கள். வாடைக்குப் பயந்து ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வருவதில்லை. கூடத்தில் தனியே படுக்கிறார். மூடிய இடத்தில் மலம் வருவதுபோல் இருக்கிறது என்கிறார். மீண்டும் வேலைக்குப் போகலாமா?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். வெறும் வயிற்றில் குடல் சும்மா இருக்காது, காற்றை உருட்டிக்கொண்டிருக்கும். பட்டினி கிடப்பவரின் பைதான் அதிகம் உப்பும். மூன்று வேளையும் குறித்த நேரத்தில் சாப்பிட்டால், இடப்பக்கக் குடல்வாய் (மலம் பையில் விழுவதற்காக வயிற்றில் வைத்த திறப்பு) பெரும்பாலும் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். பலருக்குக் காலையில் பசியாறிய பிறகு ஒருமுறை, மாலையில் ஒருமுறை மலம் போகும். வெங்காயம், முட்டைகோஸ், பருப்பு, பெத்தாய் என்னும் வாடைமிக்க காட்டு அவரை, டுரியான் ஆகியவை காற்றையோ வாடையையோ கூட்டும். அடியோடு நிறுத்த வேண்டாம், கல்யாணத்துக்கு முந்தின நாள் மட்டும் தவிர்க்கட்டும்.

வாடை விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பை சரியாக ஒட்டியிருந்தால் அதைத் திறக்கும்போதுதான் வாடை வரும். மற்ற நேரத்திலும் வருகிறதென்றால் எங்கோ கசிகிறது. அறுவைக்குப் பின் குடல்வாய் ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கிவிடும். ஆனால் மருத்துவமனையில் கொடுத்த பழைய அளவிலேயே ஒட்டுத்தட்டில் (பையைத் தோலோடு பிடிக்கும் பசைத் தட்டில்) ஓட்டை வெட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். புதிதாக அளந்து, குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். சுற்றியுள்ள தோலை வெறும் நீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள். தேங்காயெண்ணெய், பவுடர் பூசினால் பசை பிடிக்காது. மாற்றுப் பைகளை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைக்கவே கூடாது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும்.

இன்னொரு வழி, குடல்வாய் வழியாக வெதுவெதுப்பான நீர் செலுத்திக் குடலைக் கழுவுவது. தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதன்பின் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட, பையில் ஒன்றும் விழாது. மருத்துவர் சம்மதித்து, ஸ்டோமா தாதி (குடல்வாய்ப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவர்) நேரில் சொல்லிக்கொடுத்த பிறகே செய்யலாம். எனிமா சாமானை வாங்கி வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மூடிய இடத்தில் வரும் உணர்வு மனக்கோளாறு அல்ல. காலை இழந்தவருக்கு இல்லாத பாதம் அரிப்பதைப் போன்றதுதான். கழிப்பறையில் சற்று உட்கார்ந்து எழுந்தால் சிலருக்கு அடங்கிவிடும். மூடிய இடத்தில் வலி கூடினாலோ, சீழோ ரத்தமோ வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். குடல்வாய் கருத்துப்போனாலும், மலம் நின்று வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

குலை வெட்டுவது வேண்டாம் என்பேன். முதிர்ந்த மரத்தின் குலை ஒன்றே 20 கிலோ இருக்கும்; அண்ணாந்து நீள அரிவாளை இழுப்பதும் வயிற்றுத் தசைக்குத்தான் பாரம். குடல்வாயைச் சுற்றிக் குடல் பிதுங்கிவிடும். மருத்துவரின் கடிதத்தோடு நிர்வாகத்திடம் இலகுவான வேலை கேளுங்கள். எந்த வேலையும் முடியாதென்றால் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) 'இலாட்' என்னும் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

கோயிலுக்குத் தாராளமாக வரலாம். அங்கே நிற்கிற எல்லோரும் அதை வயிற்றுக்குள் சுமந்துகொண்டுதான் நிற்கிறார்கள். அவருடையது இறுக மூடிய பையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தனியே படுப்பதற்கு வாடை மட்டும் காரணமாக இருக்காது. மலக்குடல் அறுவையில் ஆண்குறி விறைப்புக்கான நரம்புகள் பாதிக்கப்படுவதுண்டு. ஆண்கள் இதைத் தாதியிடமும் சொல்ல மாட்டார்கள், மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள். சிலருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் தேறும், மருந்தும் உண்டு. மருத்துவரிடம் அவரைத் தனியாகப் பேசவிடுங்கள். அணைத்துப் படுப்பதால் குடல்வாய்க்கு ஒன்றும் ஆகாது; பையைக் காலி செய்து, ஒரு பருத்தித் துணி உறை போட்டுக்கொண்டால் போதும்.

அடுத்த முறை தாதியைப் பார்க்கப் போகும்போது, கடைசியாகக் கழற்றிய ஒட்டுத்தட்டை எறிந்துவிடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் கசிகிறது என்பதை அதன் பின்புறம் காட்டிக்கொடுத்துவிடும்.